பலேர்மோவில் குளிர்காலம் இல்லை

சென்ற மாதம் என்னுடைய பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாடகை வீடுகளில் இருப்பவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஒரு சிறிய சங்கம் அது. பலேர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய கட்டிடத்தின் முதலாம் மாடியில் இருக்கிறது. அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னுடைய கதிரையில் இப்போது ஷரோன் என்றொரு இளம்பெண் இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். நான் போனபோது கோட்டைக் கழற்றாமல், கழுத்தைச் சுற்றிச் சால்வை கட்டி, விரல் வெட்டிய கையுறையோடு கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். நானும் கோட்டைக் கழற்றவில்லை. வீட்டில் வெப்பமூட்டும் வசதி இல்லை என்று முறையிட வருகிறவர்களை, வெப்பமூட்டும் வசதி இல்லாத அறையில் இருத்தி விசாரிப்பது எங்கள் சங்கத்தின் நெடுநாள் வழக்கம்.

“ஜெசிந்தா அன்ரி, இப்ப சனம் வீட்டுக்குள்ளை எத்தினை டிகிரி எண்டு போனிலையே படம் எடுத்து அனுப்புது. உங்கடை காலத்திலை குளிரை எப்பிடி நிரூபிச்சனீங்கள்?” என்று ஷரோன் கேட்டாள்.

“நிரூபிக்கிறது பிறகு. குளிரெண்டு ஒண்டு இருக்குதெண்டு முதல்லை ஒத்துக்கொள்ள வைக்கவேணுமே பிள்ளை,” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, எழுதித் தாருங்கள் என்றாள். அதனால்தான் இது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் இத்தாலியர்களும் எங்கள் தமிழிலேயே கதைப்பார்கள். அவர்களை அப்படிக் கதைக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். பழக்கம் விடுகிறதாக இல்லை.

நான் வந்த புதிதில், எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேரைப் போல, சிஞோராக்கள் என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய வீட்டுக்கார அம்மாக்களின் வீடுகளைத் துடைத்தேன். மொழியையும் அவர்களின் திட்டுகளில் இருந்துதான் பொறுக்கினேன். இந்த ஊர் வீடுகளை நான் படித்ததும் அப்போதுதான். இவை வெயிலுக்காகக் கட்டப்பட்ட வீடுகள். உயர்ந்த கூரை, பளிங்குத் தரை, ஒரு முழத் தடிப்பில் கற்சுவர். ஓகஸ்ட் மாதத்தில் உள்ளே போனால் சுகமோ சுகம். ஜனவரியில் அதே வீடு மீன்காரனின் ஐஸ்பெட்டி. உடம்பு கொஞ்சம் சூடேற வேண்டும் என்றால் வெளியே தெருவுக்குப் போக வேண்டும். ஆனாலும் வீட்டுக்குள் மேல்கோட்டோடு இருந்து சூப் குடிக்கும் சிஞோராவிடம் குளிர்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இது சிசிலி, இங்கே குளிர்காலம் இல்லை என்பாள். சொல்லும்போது வாயில் இருந்து புகை வரும்.

பிறகு சங்கத்துக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. போனேன், எடுத்தார்கள், ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

எங்கள் மேலாளர் சட்டத்தரணி ஸ்பாத்தாரோ. சாம்பல் நிற மேல்கோட்டு ஒன்று வைத்திருந்தார். நவம்பரில் மரித்தோர் திருநாளுக்கு அணிந்தால், வசந்தத்தில் பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாளுக்குத்தான் கழற்றுவார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. வருகிறவர்கள் அழுதால்கூட அவர் மேசை லாச்சியில் இருந்து ஒரு மண்டரின் தோடம்பழத்தை எடுத்து, தோல் அறாமல் ஒரே சுருளாக உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கக் கேட்கச் சுளைகளை வாயில் போட்டால் வழக்கு வெல்லக்கூடியது என்று அர்த்தம். சுளைகளைச் சாப்பிடாமல் மேசையில் வரிசையாக அடுக்கினால் நான் வந்தவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆயத்தமாகிவிடுவேன்.

எல்லாரிடமும் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். வாடகை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா? ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? சுவரில் என்ன தொங்குகிறது?

முதலாவது கேள்வியில்தான் எங்கள் ஆட்கள் விழுவார்கள். எங்களுக்கு மானமும் ரோசமும் கொஞ்சம் கூட. உணவகம் ஒன்றில் சமையல் செய்த ஒரு அண்ணர், வீடு குளிர்கிறது, திருத்தித் தரும்வரை வாடகை தரமாட்டேன் என்று தானே தீர்ப்பு எழுதித் தானே நிறைவேற்றினார். வீட்டுக்காரன் நேரே நீதிமன்றம் போய்விட்டான். அங்கே இருந்த கோப்பில் ‘வாடகை கட்டாதவர்’ என்று இருந்ததே தவிர, குளிர் என்ற சொல்லே இல்லை. நடுங்கினவர் குற்றவாளி, நடுங்க வைத்தவர் முறைப்பாட்டுக்காரர். அன்றைக்கு ஸ்பாத்தாரோ இரண்டு தோடம்பழங்களை உரித்து அடுக்கினார். அதற்குப் பிறகு நான் ‘முதலில் வாடகையைக் கட்டுங்கோ, பிறகு சண்டை பிடியுங்கோ’ என்று தமிழில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது கேள்வியில் ஒன்றும் சுவாரசியமில்லை, விட்டுவிடுகிறேன். மூன்றாவது கேள்விதான் சட்டம். வீடு என்றால் காலநிலை தேவைப்படுத்தும் இடத்தில் வெப்பமூட்டும் அமைப்பு இருக்க வேண்டும், உள்ளே பதினெட்டு முதல் இருபது டிகிரி வரை வர வேண்டும் என்று இந்த நாட்டு விதி சொல்கிறது. ஆனால் ‘காலநிலை தேவைப்படுத்தும் இடத்தில்’ என்ற அந்தத் துண்டுக்குள் பலேர்மோ வீட்டுக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு குடியேறி இருந்தார்கள். எங்கள் காலநிலை எதையும் தேவைப்படுத்தவில்லை என்பார்கள். ஸ்பாத்தாரோ அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். எந்த ஊரில் எந்த மாதங்களில் வெப்பமூட்டியைப் போடலாம் என்று அரசே பட்டியல் போட்டிருக்கிறது. அதில் பலேர்மோவுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை கொடுத்திருக்கிறார்கள். குளிரே இல்லாத ஊருக்கு அரசு ஏன் நாலு மாதம் ஒதுக்கியது என்று பணிவாகக் கேட்பார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் மேல்கோட்டோடுதான் நின்றுகொண்டிருப்பார்.

பலேர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகை. அதன் காவல்காரராக இருந்த எங்கள் ஆள் ஒருவர், மாளிகையின் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தார். போய்ப் பார்த்தோம். கூரை முழுவதும் மேகமும் சிறகு முளைத்த சம்மனசுகளும் வரைந்த ஓவியம். சம்மனசுகளின் உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. “இப்பேர்ப்பட்ட ஓவியத்துக்குக் கீழே படுக்கிறவனுக்கு எப்பிடிக் குளிரும்?” என்று சொந்தக்காரி கேட்டாள். சம்மனசுகளும் நடுங்குகிற மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வழக்கு சமாதானமாக முடிந்தது. வீட்டுக்கு ஒரு வெப்பமூட்டி வந்தது, சம்மனசுகளுக்கு ஒன்றும் வரவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கே ஏன் ஒரு வெப்பமூட்டி கேட்கவில்லை என்று ஒருநாள் ஸ்பாத்தாரோவிடம் கேட்டுவிட்டேன். அவர் தோடம்பழத்தை உரிப்பதை நிறுத்தினார்.

“ஜெசிந்தா, இந்தக் கட்டிடம் என்ரை மாமியின்ரை. நான் ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் அவ வீட்டிலைதான் சாப்பிடுறனான். சட்டம் வேறை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வேறை.”

இனி, ஷரோனுக்காக எழுதவேண்டிய வழக்கு.

தயாபரனும் கௌரியும் போர்கோ வெக்கியோவில், துறைமுகப் பக்கமாக ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். ஊரில் யாழ்ப்பாணத்துப் பக்கம். அவன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், அவள் இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை. அவர்களின் முதல் பிள்ளை நாளுக்கு முந்திப் பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நிறை ஏறிவிட்டது, ஆனால் சுவாசப்பை பலவீனம், குளிர் படக்கூடாது, வீடு சூடாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அனுப்புவோம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கௌரி தினமும் பாலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். பிள்ளை அங்கே, தாய் இங்கே. அந்த நிலைமையில்தான் இருவரும் எங்களிடம் வந்தார்கள்.

“சுவரிலை என்ன தொங்குது?” என்று ஸ்பாத்தாரோவின் கேள்வியைக் கேட்டேன்.

“அஞ்சு தெர்மோசிபோனி தொங்குது அக்கா,” என்றாள் கௌரி. வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புச் சட்டகத்துக்கு இங்கே அதுதான் பெயர். “ஒண்டும் சுடாது. நான் அதிலைதான் உடுப்புக் காயப்போடுறன். ஒண்டுக்கு மேலை பிள்ளையார் படம் வச்சிருக்கிறம்.”

“எப்ப தொடக்கம் சுடேல்லை?”

“சுட்டதே இல்லை அக்கா,” என்றான் தயாபரன். “பின்னாலை எட்டிப் பார்த்தனான். குழாய் வாற ஓட்டையிலை சீமெந்து பூசிக் கிடக்கு. கல்தாயாவும் இல்லை.” கல்தாயா என்பது நீரைக் கொதிக்க வைக்கும் கலன். அது இல்லாவிட்டால் தெர்மோசிபோனி வெறும் சுவர் அலங்காரம்.

ஒப்பந்தத்தில் ‘தெர்மோசிபோனி உள்ள வீடு’ என்று எழுதியிருந்தது. ஸ்பாத்தாரோ ஒரு சுளையை வாயில் போட்டார். எனக்கு நெஞ்சுக்குள் சந்தோசம்.

வீட்டுச் சொந்தக்காரர் ஒரு புரொபெசோரே. இத்தாலியில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் எல்லாருமே புரொபெசோரேதான். இவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். குழாய் ஒழுகினால் தானே வந்து திருத்துவார். நத்தாருக்குக் கேக் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் புவியியல் என்று வந்துவிட்டால் அவரிடம் இரக்கமே கிடையாது. எங்கள் பதிவுத் தபாலுக்கு அவர் அனுப்பிய பதிலில் காற்றோட்டம், கடல்நீரோட்டம், அகலக்கோடு எல்லாம் இருந்தன. தெர்மோசிபோனி மட்டும் இல்லை.

பிறகு நேரில் வந்தார். சால்வை, தொப்பி, மேல்கோட்டு, அதற்குள் இரண்டு கம்பளிச் சட்டை.

“சிஞோரா, உங்கடை ஆக்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருந்து வந்தவை. அவைக்கு இருபத்தைஞ்சு டிகிரியும் குளிர்தான். இது உடம்பின்ரை ஞாபகம், வீட்டின்ரை குறை இல்லை. சிசிலியிலை விஞ்ஞானப்படி குளிர்காலம் இல்லை.”

“ஒப்பந்தத்திலை தெர்மோசிபோனி இருக்கெண்டு எழுதியிருக்கிறியள்,” என்றார் ஸ்பாத்தாரோ.

“ஓம். இருக்குது. அஞ்சு இருக்குது. சுடுமெண்டு எங்கை எழுதியிருக்கு?”

சொல்லிவிட்டுக் கைகளை ஊதித் தேய்த்துக்கொண்டார். நான் அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு ஜியோமெத்ராவை, அதாவது வீடு நிலம் அளக்கும் தொழில்நுட்பரை, அனுப்பி அளந்து பார்ப்பது என்று முடிவானது. ஸ்பாத்தாரோ அன்றைக்கு எனக்குக் குளிர் அளக்கும் முறையைப் படிப்பித்தார். அறையின் நடுவில், நெஞ்சு உயரத்தில், சுவருக்குக் கிட்டவும் வேண்டாம், அடுப்புக்குக் கிட்டவும் வேண்டாம். கதவு யன்னல் சாத்தியிருக்க வேண்டும். மானியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, உன் சூடு ஏறிவிடும். வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்க வேண்டும். முக்கியமாக, வீடு மற்ற நாட்களில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும்.

நான் இதையெல்லாம் தயாபரனுக்கும் கௌரிக்கும் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். பதினெட்டுக்குக் குறைவாக இருந்தால் வீட்டுக்காரர் செய்து தந்தே ஆகவேண்டும் என்றும் சொன்னேன். “ஒண்டும் செய்யாதேங்கோ. இருக்கிறபடி இருக்கட்டும்.” இருவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பி நான் வீட்டுக்குப் போனேன்.

அளக்கும் நாள் ஜியோமெத்ராவோடு நானும் படியேறினேன். முதலாம் மாடி வரும்போதே எண்ணெய் வாசம். உழுந்து பொரிகிற வாசம். மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன்.

கதவைத் திறந்ததும் மூஞ்சியில் அடித்தது வெக்கை. இங்கே வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் ஒரு ஹீற்றரோடு இஸ்திரிப்பெட்டியையும் போட்டால் மீற்றர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். அதை எங்கள் ஆட்கள் எப்படி வென்றார்கள் என்றால், மேல்மாடித் தமிழ்க் குடும்பத்தின் ஹீற்றர், பல்கனி வழியாக இறக்கிய வயரில் அவர்களுடைய மின்சாரத்திலேயே எரிந்தது. எதிர்வீட்டு சிஞோரா ரொசாலியாவின் ஹீற்றர், அவள் கதவுக்குக் கீழால் வந்த வயரில். மூலையில் யாரிடமோ இரவல் வாங்கிய காஸ் அடுப்பு ஒன்று சிவந்துகொண்டிருந்தது. குசினியில் நாலு அடுப்பும் எரிகிறது. ஒன்றில் வடை, ஒன்றில் பாயசம், இரண்டில் சும்மா தண்ணீர் கொதிக்கிறது. கௌரி கூறைச்சேலையில் நின்றாள். தயாபரன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான்.

ஜியோமெத்ரா சால்வையைக் கழற்றினார், கோட்டைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்தார். அறையின் நடுவில், நெஞ்சு உயரத்தில், முறைப்படி மானியை வைத்தார். காத்திருந்த நேரத்தில் நாலு வடை சாப்பிட்டார்.

இருபத்திரண்டு டிகிரி.

“சிஞோரே, இதெல்லாம் இரவல் ஹீற்றர். இண்டைக்கு மட்டும்தான். இதுகளை நிப்பாட்டிப் போட்டு ஆறவிட்டு அளவுங்கோ,” என்று கெஞ்சினேன்.

“சிஞோரா, எனக்கு அடுத்த வீடு காத்துக்கொண்டிருக்குது. நான் வெப்பம் எவ்வளவு எண்டு அளக்க வந்தனான். வெப்பம் ஆருடையது எண்டு கேக்க வரேல்லை,” என்றார். நேர்மையான மனிதர். அவரிடம் இருந்த குறை அது ஒன்றுதான். அளந்ததை எழுதிக் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியைத் தயாபரனிடமும் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதும் தயாபரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்தான்.

“அக்கா! பதினெட்டு எடுத்தால் காணுமெண்டு சொன்னனீங்கள். நாங்கள் இருபத்திரண்டு எடுத்திட்டம்!”

எங்கள் சனத்துக்கு ஒரு எண்ணைச் சொன்னால் அது பரீட்சைப் புள்ளிதான். கூட எடுக்காமல் விடமாட்டார்கள். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். மூளை கழன்றுவிட்டதா, நான் தமிழில்தானே சொன்னேன் என்று கத்தினேன். கௌரி அழத் தொடங்கினாள்.

“அக்கா, வீட்டுக்கு வாற மனுசனைக் குளிரிலை எப்பிடி இருத்துறது? இவையின்ரை வீட்டிலை ஒண்டுமில்லை எண்டு நினைக்கமாட்டாரே? ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடுக்காமல் எப்பிடி அக்கா?”

நான் திட்டுவதை நிறுத்தினேன். ஏனென்றால் என்னுடைய வீடாக இருந்திருந்தால் நானும் வடை சுட்டிருப்பேன்.

அடி அதோடு நிற்கவில்லை. ‘பாஸ்’ பண்ணின சந்தோசத்தில் தயாபரன் அந்தப் பிரதியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டான். வைத்தியர் வாசித்துவிட்டு, இருபத்திரண்டா, அருமை, பிள்ளையை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். இரவல் ஹீற்றர்கள் எல்லாம் சொந்தக்காரரிடம் போய்விட்டன. வீடு பழையபடி ஐஸ்பெட்டி. தாளில் மட்டும் வீடு சூடாக இருந்தது, பிள்ளை அந்தத் தாளை நம்பி வரப்போகிறது. போய் உண்மையைச் சொல்லுவோம் என்றேன். பொய்த்தாள் கொடுத்ததென்று பிள்ளையைத் தராமல் விட்டுவிடுவார்கள் என்று தயாபரன் நடுங்கினான். அது குளிரில் வந்த நடுக்கம் இல்லை.

எதிர்வீட்டு ரொசாலியாதான் வழி சொன்னாள். சந்தையில் மரக்கறி விற்கிறவள். குரல் தெருமுனைவரை கேட்கும். “என்ரை குசினி சின்னன், போறணை எப்பவும் எரியும். பிள்ளையும் தாயும் அங்கை இருக்கட்டும். ஆனால் என்ரை மகன் குடும்பத்தோடை வடக்கிலையிருந்து திரும்பி வாறான். அவன் வந்தால் எனக்கே படுக்க இடமில்லை. அதுக்கிடையிலை உங்கடை சட்டத்தரணி ஏதாவது செய்யட்டும்.”

அப்படித்தான் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்து நேரே அயல் வீட்டுக் குசினிக்கு வந்தது. கௌரி அங்கே ஒரு கதிரையில் இருந்தபடி நித்திரை கொண்டாள். இவர்களுடைய வீடு நாலடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்கு அவர்கள் ஒழுங்காக வாடகையும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

புரொபெசோரே அறிக்கையைப் பல பிரதிகள் எடுத்து வைத்திருந்தார் என்று கேள்வி. ஸ்பாத்தாரோ அதை வாசித்துவிட்டுச் சுளைகளை வரிசையாக அடுக்கினார். ஒன்றையும் சாப்பிடவில்லை. பிறகு போனை எடுத்து புரொபெசோரேயை அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“புரொபெசோரே, வாழ்த்துகள். நீங்கள் சொன்னது சரி. ஆனால் குடியிருக்கிறவை அது ஹீற்றர் சூடு எண்டு கதைச்சுத் திரியினம். உங்கடை பெயருக்கு அது நல்லாயில்லை. நீங்களே முன்னாலை இருந்து இன்னொருக்கா அளந்தால் எல்லாற்றை வாயும் அடைபடும்.”

புரொபெசோரேக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் அவர் விவரமானவர்; நிபந்தனைகள் போட்டார். அந்த ஆட்கள் யன்னலைத் திறந்து குளிரை உள்ளே விட்டு ஏமாற்றக்கூடும். அதனால் யன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்க வேண்டும். அவர் காலையிலேயே வந்து, மத்தியானம்வரை அந்த அறையிலேயே இருந்து காவல் காப்பார். தன்னுடைய சொந்த வெப்பமானியும் கொண்டுவருவார். ஸ்பாத்தாரோ ஒவ்வொரு நிபந்தனையையும் திருப்பிச் சொல்லி, பெருமூச்சு விட்டு, மிகுந்த கஷ்டத்தோடு ஒத்துக்கொண்டார். போனை வைத்ததும் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டார்.

அதற்குப் பிறகு என்னுடைய வேலை தொடங்கியது. என் தொழிலில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் எதுவென்று கேட்டால், ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு மரியாதை கெட்டு நடக்கப் பழக்கியதுதான். ஒரு வடையும் கிடையாது. தேத்தண்ணி கிடையாது. அடுப்புப் பற்றவே கூடாது. விளக்குக்கூட ஏற்ற வேண்டாம் என்றேன். பிள்ளையாருக்கு நான் பதில் சொல்கிறேன் என்றேன். கத்தோலிக்கப் பெண் பிள்ளையாருக்கு என்ன பதில் சொல்வாள் என்று கௌரி கேட்கவில்லை. அந்த அளவுக்கு நொந்துபோயிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. அறையின் நடுவில் ஜியோமெத்ராவின் மானி, பக்கத்தில் புரொபெசோரேயின் பித்தளை மானி. சுற்றி வர புரொபெசோரே, ஜியோமெத்ரா, ஸ்பாத்தாரோ, தயாபரன். நான் அறைக்குள் இல்லை. குசினி வாசலில், காஸ் அடுப்புக்கும் கௌரிக்கும் நடுவில், கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, ஒரு சொட்டுத் தேத்தண்ணி. புரொபெசோரேயின்ரை சொண்டு நீலமாய்ப் போச்சு.”

“பச்சைத் தண்ணி குடுங்கோ.”

“தை மாதத்திலை பச்சைத் தண்ணியோ!” அவள் தட்டில் நாலு கிளாஸ் பச்சைத் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தாள். வெட்கத்தில் நிமிரவில்லை. ஒருவரும் கிளாசைத் தொடவில்லை.

புரொபெசோரே முதலில் சால்வையை இறுக்கினார். பிறகு தொப்பியைக் காதுவரை இழுத்தார். பிறகு எழும்பி நடந்தார். நடந்தால் உடம்புச் சூடு மானியில் ஏறும் என்று ஜியோமெத்ரா இருக்கச் சொல்லிவிட்டார். ஜியோமெத்ரா வந்தது வடை நினைப்போடு. அது இல்லை என்ற துக்கமும் அவர் முகத்தில் தெரிந்தது. மானி பன்னிரண்டில் நின்றது. பித்தளை மானியும் பன்னிரண்டில்தான் நின்றது.

“மானி பழகிறதுக்கு நேரம் எடுக்கும்,” என்றார் புரொபெசோரே. கொஞ்சம் கழித்து, “இது அசாதாரணமான நாள்,” என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, “பன்னிரண்டு டிகிரி குளிர் இல்லை. அது சுறுசுறுப்பு. விஞ்ஞானப்படி...” என்று தொடங்கினார்.

அந்த நேரம் வாசல் கதவு திறந்தது. ரொசாலியா. கையில் துணியில் சுற்றிய பிள்ளை. உள்ளே என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அக்கறை இல்லை. “கௌரி! பிள்ளைக்குப் பசிக்குது, கத்துறாள்!” என்றபடி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

புரொபெசோரே கதிரை பின்னால் விழ எழும்பினார். இரண்டு கைகளையும் நீட்டி வழியை மறித்தார்.

“நில்லுங்கோ! பிள்ளையை இதுக்குள்ளை கொண்டு வராதேங்கோ! இஞ்சை குளிர்!”

நான் குசினி வாசலில் விரித்திருந்த கையை இறக்கினேன். பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. ஸ்பாத்தாரோ கோட்டுப் பைக்குள் இருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்தார். ஜியோமெத்ரா எழுதத் தொடங்கினார்.

தான் சொன்னது என்ன என்று புரொபெசோரேக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆனால் சொன்னதை அவர் திருப்பி எடுக்கவில்லை. அதை நான் இன்றைக்கும் அவருடைய கணக்கில் நல்லதாகவே எழுதுகிறேன். தன் கழுத்தில் இருந்த சால்வையைக் கழற்றி, வாசலில் வைத்தே பிள்ளையின் மேல் போர்த்தினார். பிள்ளையின் கை விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார்.

“இவள் எங்கை படுக்கிறாள்?” என்று கேட்டார்.

“என்ரை குசினியிலை,” என்றாள் ரொசாலியா. “உம்மடை வீட்டிலை படுத்தால் செத்துப்போவாள்.” சந்தைக் குரலில், அந்த மாடி முழுவதுக்கும் கேட்கும்படி.

அவர் சால்வையைப் பிள்ளையோடேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார். அன்றைக்கே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கோட்டோடு இருந்து, கல்தாயா பூட்டித் தருவதாகக் கையெழுத்து வைத்தார். ரொசாலியாவின் மகன் வந்து சேருவதற்கு முன்பே சுவரில் சீமெந்தை உடைத்துக் குழாய் விட்டு, பல்கனியில் கல்தாயாவைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு இன்னும் வரவில்லை, ஷரோன். மாமிக்கு ஆயுசு கெட்டி என்று கேள்வி.

வெப்பம் வந்த முதல் ஞாயிறு கௌரி எல்லாரையும் கூப்பிட்டாள். இந்த முறை அடுப்புக்கு முன்னால் நிற்க எனக்கு உரிமை இல்லை. அவள் சுட்ட வடைக்கு அளவும் இல்லை. பிள்ளையார் படத்தை வேறு சுவருக்கு மாற்றியிருந்தார்கள், அவருக்கு வெக்கை என்று. ஜியோமெத்ராவும் வந்திருந்தார், மானி இல்லாமல். புரொபெசோரே கோட்டைக் கழற்றினார், ஒரு கம்பளிச் சட்டையைக் கழற்றினார், யோசித்துவிட்டு இரண்டாவதையும் கழற்றினார். அவர் வெறும் சட்டையோடு இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கௌரி பிள்ளையின் கம்பளிக் காலுறையை உருவிவிட்டு, வெறும் காலோடு அதை அவர் மடியில் வைத்தாள். அது கொஞ்ச நேரம் அவர் மூக்கைப் பார்த்துவிட்டு நித்திரையாகிவிட்டது.

ஐந்தாவது வடையோடு அவர் தயாபரனுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். காற்றோட்டம், கடல்நீரோட்டம், அகலக்கோடு. கடைசியில் ஒரு விரலை உயர்த்தி, சிசிலியில் விஞ்ஞானப்படி குளிர்காலம் இல்லை என்றார்.

தயாபரன் மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தான். பிள்ளையின் நெற்றியில் மெல்லிசாக வியர்த்திருந்தது. நான் ஒரு சொல் மாற்றாமல் அப்படியே மொழிபெயர்த்தேன்.